பெட்டியைத் திறக்காமலே தேனீ வளர்க்க முடியுமாங்க? அடிப்பலகையில் ஓட்டை வெச்ச குல்லா கிடக்குது

வடவள்ளி மொட்டைமாடி (பிப்ரவரி 27)

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர், வடவள்ளி. எங்க வீதியும் பக்கத்து வீதியுமாச் சேர்ந்து அஞ்சு வீட்ல ஆளுக்கொரு தேனீப் பெட்டி வெச்சிருக்கோம். தேன் விக்கிறதுக்கில்லீங்க, ஆசைக்குத்தான். எல்லாமே நம்ம இந்தியத் தேனீ, ஏழு சட்டம் (தேனீ அடை கட்டுற மரச்சட்டம்) போட்ட நியூட்டன் பெட்டி. என்னோடது மொட்டை மாடியில தண்ணித் தொட்டி நிழல்ல இருக்குது.

போன வருசம் முதல் பெட்டி வாங்குனேன். ஒருநாள் பயிற்சிக்குப் போன இடத்துல "வாரம் ஒருக்கா திறந்து பாருங்க"ன்னாங்க. ஞாயித்துக்கிழமை ஆனா தவறாம திறந்தேன். பையன் ராணியைப் பாக்கணும்பான். அவன் ஃப்ரெண்ட்ஸ் வந்தா அவங்களுக்கு ஒருக்கா, நாத்தனார் வந்தா அவங்களுக்கு ஒருக்கா. 43ஆவது நாள், மே மாசம், காபி டம்ளரோட மேல போறேன், ஒரு சத்தமில்லை. மூடியை எடுத்தா வெறும் அடைதான் தொங்குது. ஒரு சொட்டுத் தேன் மிச்சமில்லை. கூட்டிப் பெருக்கி வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துட்டுப் போன மாதிரி அவ்வளவு சுத்தம்.

இந்த ஜனவரியில மறுபடியும் ஒரு குடும்பம் வாங்கி வெச்சேன். இந்தவாட்டி திறக்கவே போறதில்லைன்னு முடிவு. ஏழு வாரமாச்சு, மூடியைத் தொடலை. ஆனா எங்க அஞ்சு வீட்டுக்குள்ளயே இதுல ரெண்டு கட்சிங்க. முதல் வீட்டு அங்கிள் மாசம் ரெண்டுவாட்டி சர்க்கரைப் பாகு வெக்கிறாரு, "பட்டினி போட்டா ஓடிரும்மா"ங்கறாரு. கடைசி வீட்டுத் தம்பி வெளிநாட்டு வீடியோ நெறையப் பாப்பாப்ல. "இயற்கை முறைன்னா கையே வெக்கக் கூடாது, பாகும் கூடாது, அடை கட்ட வழிகாட்டச் சட்டத்துல ஒட்டுற மெழுகுத் தாளும் கூடாது"ங்கறாப்ல. நான் நடுவுல.

இப்ப என் சந்தேகம். திறக்காததால பழைய காலண்டர் அட்டையை ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, சாயங்காலமா வாசல் வழியா உள்ள விட்டு மெதுவா இழுத்துப் பாப்பேன். அடிப்பலகையில என்ன விழுந்திருக்குன்னு தெரியுமில்லீங்களா? எப்பவும் மெழுகுத் தூள்தான் வரும். நாலு நாளா வேற ஒண்ணு வருது. கொத்தமல்லி விதையைப் பாதியா உடைச்சா ஒரு கிண்ணம் மாதிரி இருக்குமே, அந்த அளவு, பழுப்பு நிறம். நடுவுல ஊசியில குத்துன மாதிரி ஒரே ஒரு ஓட்டை. குட்டிக் குல்லாதான். நேத்து எண்ணிப் பாத்தேன், 31. இது நோயா, ஏதாச்சும் பூச்சி குடைஞ்சதா? மத்தியானம் ரெண்டு மணி வாக்குல கறுப்பா, குண்டா சில ஈக்கள் பெரிய சத்தத்தோட வாசல்ல வந்து போகுது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமுங்களா?

திறந்து பாத்தரட்டுமா, வேண்டாமா?

உடுமலை தென்னந்தோப்பு (பிப்ரவரி 27)

நாளைக்கே திறந்து பாருங்க மேடம். நான் 80 பெட்டி வெச்சிருக்கேன். தென்னையில காய்ப்புக்கும் ஆச்சு, தேனுக்கும் ஆச்சு. பத்து நாளைக்கு ஒருக்கா ஒவ்வொரு பெட்டியும் என் கைபட்டாகணும். ராணி அறை (புது ராணி வளர்ற கூடு) தொங்குனா கிள்ளிருவேன், ஏன்னா கூட்டம் பிரிஞ்சு போச்சுன்னா அந்த சீசன் தேன் போச்சு. பூ இல்லாத மாசத்துல பாகு வெக்கறேன். காலி அடையை எடுத்துர்றேன்.

தப்பா நினைச்சுக்காதீங்க, இயற்கை முறை இயற்கை முறைன்னு சொல்லிட்டு மெழுகுப் புழுவை (அடையைத் தின்னுற அந்துப்பூச்சிப் புழு) வளர்க்கறவங்களைத்தான் நான் அதிகம் பாத்திருக்கேன். எங்க பக்கத்துத் தோப்புல ஒருத்தர் எட்டு மாசம் பெட்டியைத் திறக்கலை. திறந்தப்போ சட்டத்துக்குச் சட்டம் நூலாம்படை, உள்ள விரல் தண்டி புழு. மாட்டை வாங்கிக் கட்டிட்டு தீவனம் வெக்காம "காட்டு மாடு தானா மேயுதே"ன்னு சொன்னா எப்படிங்க? பெட்டியில அடைச்ச பிறகு அது நம்ம பொறுப்பு.

அந்தக் குல்லா என்னன்னு போட்டோ போட்டா சொல்லலாம்.

குலசேகரம் பழைய கண்டக்டர் (பிப்ரவரி 28)

மக்களே, போட்டோ வேண்டாம். கொத்தமல்லி விதைன்னு சொன்னதிலேயே தெரிஞ்சு போச்சு. அது நோயும் இல்ல, பூச்சியும் இல்ல. ஆண் தேனீ பொறந்த வீட்டுக்க கதவு.

வேலைக்காரத் தேனீ வளரப்பட்ட அறைக்க மூடி தட்டையாட்டு இருக்கும். ஆண் வளரப்பட்ட அறை கொஞ்சம் பெருசு. அதுக்க மூடி கூம்பாட்டு எழும்பி நிக்கும், உச்சியில ஒரு துவாரம். இத்தாலியன் தேனீயில இந்தத் துவாரம் பாக்க முடியாது, நம்ம தேனீக்க அடையாளம் அது. உள்ள இருக்கவன் வளந்து வெளிய வரும்போ மூடியைச் சுத்தி அறுத்துத் தள்ளுவான். அது நேரா அடிப்பலகையில வந்து விழும். நீங்க மத்தியானம் பாக்கப்பட்ட கறுப்பு குண்டன்மாரு அவனுகதான். கொட்ட மாட்டான், கொடுக்கு கிடையாது. சத்தம் மட்டும்தான்.

ஆண் பெருகுதுன்னா கூட்டம் பிரியப் போகுதுன்னு அர்த்தம். அடை அடியில ராணி அறை கட்டிக்கிட்டு இருக்கும், இல்லன்னா கட்டப் போகும். இதைத் தெரிஞ்சுக்கிட பெட்டியைத் திறக்க வேண்டிய தேவையே இல்லாம போச்சு பாத்தியளா? காலண்டர் அட்டை சொல்லிப்போட்டு. எனக்கு இந்தப் புத்தி வர இருபது வருஷம் ஆச்சு.

உடுமலைத் தம்பி சொன்னது அவருக்குச் சரி. எங்க ஊர்ல ரப்பர் விளையில நூறு பெட்டி வைக்கிறவனும் அப்படித்தான் செய்யணும். ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விட்டா, மூணு இலையும் சேருற காம்புல தேன் சுரக்கும். ஜனவரியிலயிருந்து மார்ச் வரைக்கும்தான் அந்த வரத்து. பூவுலயிருந்து இல்ல, இலைக்காம்புலயிருந்து. வெளியூர்க்காரங்க இதைச் சொன்னா நம்ப மாட்டாங்க. அந்த மூணு மாசத்துல கூட்டம் பிரிஞ்சா வருஷத்துக்க வரும்படி போச்சு. அப்போ ராணி அறையைக் கிள்ளத்தான் செய்யணும். ஆனா மாடியில ஒத்தைப் பெட்டி வச்சிருக்க உங்களுக்கு அந்தக் கணக்கு எதுக்கு? ரெண்டு கட்சிக்கும் நடுவுல நிக்கேன்னு எழுதியிருக்கிய. நடுவுலயே நில்லுங்க, அது நல்ல இடம்தான். ஏன்னு சொல்லணும்னா கொஞ்சம் பழைய கதை சொல்லணும்.

மார்த்தாண்டம் பக்கம் இந்தத் தொழிலுக்கு நூறு வருஷக் கதை உண்டு. திருச்சியில நியூட்டன் பாதிரியார் நம்ம தேனீக்க உடம்புக்குத் தக்கன சின்னப் பெட்டி உண்டாக்கினாரு, 1920கள்ல மார்த்தாண்டத்துல ஸ்பென்சர் ஹேட்ச் ஒய்.எம்.சி.ஏ. மையம் வச்சு வீட்டுக்கு வீடு தேனீ வளர்க்கப் படிச்சுக் கொடுத்தாரு. எனக்க தாத்தா அந்த வழியில வந்தவரு. அதுக்கு முன்னால எல்லாம் மண் பானைதான். பானையில ஒரு துளை போட்டு சுவர்ல கவுத்து வைப்பாங்க, அது தானா வந்து ஏறும்.

அப்பா காலத்துல 62 பெட்டி. 1991ல தாய் சாக்புரூட்டுன்னு ஒரு நோய் வந்துது. வைரஸ். மருந்து கிடையாது. தேனீக்க புழு அறைக்குள்ள மல்லாந்து கிடந்து தலையை மட்டும் மேல தூக்கும், ஓடம் மாதிரி. ஈர்க்கால தூக்கினா தோல் பையாட்டு முழுசா வரும், உள்ள தண்ணி. நான் அப்போ பஸ்ல புதுசு. சாயங்காலம் டூட்டி முடிஞ்சு வந்தா அப்பா வாசல்படியில சட்டத்தை மடியில வச்சிட்டு உக்காந்திருப்பாரு. அடுத்த வருஷம் மழைக்கு முன்னால 62ல ஒண்ணு மிச்சமில்ல. எங்க வீடு மட்டும் இல்ல, மாவட்டமே அப்படித்தான், கேரளாவும் அப்படித்தான். காலிப் பெட்டியை வச்சு நிறையப் பேர் அடுப்பெரிச்சாங்க.

பிழைச்சது எது தெரியுமா? தொழுவத்துச் சுவர்ல தாத்தா காலத்துப் பானை ஒண்ணு. அதை யாரும் திறந்ததே இல்ல, அதுக்குப் பாகு வச்சதே இல்ல. தேன் எடுத்த ஓர்மையே கிடையாது. மாட்டுக்குப் புல் போடும்போ ஒரு இரைச்சல் கேக்கும், அவ்வளவுதான். நோய் அதையும் தொட்டிருக்கும். வாசல்ல செத்த புழு கிடந்ததை நானே பாத்தேன். ஆனா அது பிழைச்சுது. திறக்காததாலதான் பிழைச்சுதுன்னு நான் சாதிக்க மாட்டேன், நூத்துல ஒண்ணுக்குத் தாங்குற ரத்தம் இருந்திருக்கும். அந்தப் பானையிலயிருந்து பிரிஞ்சு வந்த கூட்டத்தைப் பிடிச்சுத்தான் அப்பா திரும்பத் தொடங்கினாரு. இப்போ எனக்க கிட்ட அஞ்சு பெட்டி, ரெண்டு பானை. எல்லாம் அதுக்க வம்சம்தான்னு ஒரு நம்பிக்கை.

இனி நான் கற்ற பாடத்துல ஒரு முட்டாள்தனத்தையும் கேளுங்க, கடைசி வீட்டுத் தம்பிக்கும் காட்டுங்க. ரிட்டயர் ஆன வருஷம் எனக்கும் இந்த இயற்கைக் கிறுக்கு ஏறிச்சு. ஒரு பெட்டியில மெழுகுத் தாள் ஒட்டாம, சட்டத்துல ஒரு கோடுகூட இழுக்காம, "உனக்குப் பிடிச்ச மாதிரி கெட்டிக்கோ"ன்னு விட்டேன். கெட்டிச்சு. சட்டத்துக்கு நேராட்டு இல்ல, குறுக்கே. நாலு சட்டத்தையும் சேத்துத் தச்சுப்போட்டு. பாக்கதுக்கு அழகுதான். ஆடி மாசம் மழையில ஈ குறைஞ்சு, பின்பக்கத்து அடை காலியாகி, அதுல மெழுகுப் புழு ஏறிச்சு. அந்த ஒரு அடையை மட்டும் எடுத்தா குடும்பம் தப்பும். ஆனா எதைத் தூக்கினாலும் நாலும் சேந்து வருது. கத்தி வச்சு அறுத்தேன், ராணி எங்க போச்சோ தெரியல. மூணு நாள்ல எல்லாம் முடிஞ்சுது. எனக்க வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் கூடுதல் வேதனை.

அதனால இப்போ மேல் கட்டையில விரல் அகலத்துக்கு மெழுகுப் பட்டை ஒண்ணு ஒட்டுவேன், அதுக்குக் கீழ அதுக்க இஷ்டம். ஈ எத்தனை சட்டத்தை மூடி நிக்குதோ அத்தனை சட்டம்தான் உள்ள இருக்கணும். நாலு சட்டத்துக்கு உள்ள ஈயை ஏழு சட்டத்துல விட்டா மிச்ச மூணும் அந்துப்பூச்சிக்குக் கொடுத்த குத்தகை. நம்ம தேனீக்கு ஒரு குணம் உண்டு, கறுத்துப் போன பழைய அடையைத் தானே அரிச்சுக் கீழ தள்ளிப்போட்டு புதுசு கெட்டும். அந்தத் தூள்லதான் அந்துப்பூச்சி முட்டை இடும். அதனால வாரம் ஒருக்கா அடிப்பலகையைத் துடைக்கிறது மட்டும் விடக்கூடாது. அதுக்கு மூடியைத் திறக்க வேண்டாம். புழு அறையை (தேனீக் குஞ்சு வளரப்பட்ட கீழ்ப் பெட்டி) ரெண்டு கையால அப்படியே தூக்கி பக்கத்துல வச்சு, பலகையைத் தட்டித் துடைச்சு, திரும்ப வைக்க ஒரு நிமிஷம்.

மத்தபடி வாசல்ல உக்காந்து பாருங்க. பின்னங்கால்ல மகரந்தம் உருட்டிக் கொண்டு வருதா? உள்ள குஞ்சு இருக்கு, ராணி முட்டை இடுது. மகரந்தம் நின்னு போய் ஈ மட்டும் சும்மா வந்து போனா சந்தேகப்படணும். வெள்ளைப் புழுவைத் தூக்கி வெளிய போடுதுன்னா அன்னைக்குத் திறந்து பாத்தே ஆகணும், அதுல இயற்கை செயற்கைன்னு ஒண்ணும் இல்ல. வாசப்பலகையில கறுப்பா ஈரப் புள்ளி இருந்தா எறும்பா, பல்லியா, ராத்திரி தவளை வந்துதான்னு பாருங்க. மாடியில தவளை வராது. எறும்பு வரும். ஸ்டாண்டு காலுக்குத் தண்ணிக் கிண்ணம் வச்சிருப்பிய, அது வத்தாம இருந்தா மட்டும் போதாது. ஒரு தக்காளிச் செடிக்க கிளை சாஞ்சு பெட்டியைத் தொட்டாலும் எறும்புக்கு அது பாலம்.

போன வருஷம் ஓடிப் போனது ஞாயித்துக்கிழமைத் தரிசனத்தால மட்டும்னு சொல்ல முடியாது. மே மாச வெயில், மொட்டை மாடி, பக்கத்துல பூ கம்மி. ஆனா ஒண்ணு நினைச்சுப் பாருங்க. குஞ்சு அறைக்குள்ள 34, 35 டிகிரிக்கு அது பாடுபட்டு வச்சிருக்கும். நாம திறந்து பிள்ளையளுக்குக் காட்டிட்டு மூடினா அந்தச் சூட்டைத் திரும்பச் சரி பண்ணணும். வாரா வாரம் வீட்டுக் கூரையைப் பிரிச்சா யாரு குடியிருப்பா?

பாகு விஷயம். நான் வைக்கது இல்ல. வைக்காம இருக்கதுக்கு ஒரு விலை உண்டு, புழு அறையில உள்ள தேனைத் தொடக்கூடாது. மேல தேன் அறையில கிடைச்சா எடுக்கலாம், அதுலயும் பாதி. ரப்பர் சீசன்ல எல்லாத்தையும் பிழிஞ்சு எடுத்துப்போட்டு மழைக்காலத்துல "நான் இயற்கை முறை, சர்க்கரை வைக்க மாட்டேன்"னு சொல்லப்பட்டவன் இருக்கான். அவனைவிட உங்க முதல் வீட்டு அங்கிள் ஆயிரம் மடங்கு நல்லவரு.

இப்போ செய்ய வேண்டியது. உங்க அஞ்சு வீட்லயும் காலிப் பெட்டியோ பானையோ இருந்தா உள்ள பழைய மெழுகைத் தேச்சு நிழல்ல உயரமாட்டு வையுங்க. கூட்டம் பிரியும்போ பழைய ராணிதான் வெளிய போகும், புது ராணி இங்க இருக்கும். பிரிஞ்சதுக்குப் பிறகு மூணு வாரம் இந்தப் பெட்டியை அடிப்பலகை துடைக்கக்கூட அதிகம் ஆட்டாதீங்க. புதுசு வெளிய போய் ஆணோட கூடிட்டு வந்து முட்டை இட அவ்வளவு நாள் ஆகும்.

எழுத்து நீண்டு போச்சு. பஸ்ஸுல விசில் அடிச்சே பழகினவன், இங்க நிறுத்த ஆள் இல்ல.

உடுமலை தென்னந்தோப்பு (பிப்ரவரி 28)

ஐயா, அந்த ஓட்டைக் குல்லாவை நானும் ஆயிரம் தடவை கூட்டித் தள்ளியிருக்கேன், இப்படி யோசிச்சதில்லை. ஆனா ராணித் தடுப்பு போடச் சொல்லலாமே? வாசல்ல அந்தத் தகரத்தை மாட்டினா ராணி வெளிய போக முடியாது, கூட்டம் தன்னால திரும்பி வந்துரும். புதுசா வளர்க்கறவங்களுக்கு அதுதான் பாதுகாப்பு.

குலசேகரம் பழைய கண்டக்டர் (பிப்ரவரி 28)

புதுக் குடும்பத்தை ஏத்தின முதல் நாலைஞ்சு நாளைக்குப் போடலாம் தம்பி, நானும் போட்டிருக்கேன். இப்போ போட்டா வேற தொந்தரவு. ராணி நுழையாத துளையில ஆணும் நுழைய மாட்டான். 31 மூடி எண்ணியிருக்கு அந்தப் பிள்ளை. அத்தனை ஆணும் உள்ளேயே கிடந்து முட்டி முட்டிச் சாகும், நாறும். புது ராணியும் கூடப் போக வழியில்லாம மலடாட்டு நிக்கும்.

ஈஸ்ட் ஹாம் தோட்டம் (மார்ச் 1)

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில இருக்கிறன். இஞ்ச ஒரு தோட்டத் துண்டில ரெண்டு பெட்டி வைச்சிருக்கிறன், ரெண்டும் ஐரோப்பியத் தேனீ. கடைசி வீட்டுத் தம்பி பாக்கிற வீடியோக்கள் அநேகமா எங்கட பக்கத்துக் காரர் போடுறதுதான் எண்டபடியா ஒரு விசயம் சொல்லலாம் எண்டு நினைச்சன்.

இஞ்ச "கை வைக்காமல் வளர்க்கிறது" எண்டு ஆக்கள் சண்டை பிடிக்கிறது முக்கியமா ஒரு உண்ணிக்காக. வரோவா. இங்கிலாந்தில 1992இல டெவன் பக்கம் முதன்முதலாக் கண்டுபிடிச்சவை. அதுக்கு மருந்து போடுறதோ விடுறதோ எண்டதுதான் இஞ்ச கட்சி. நான் மாரியில ஆக்சாலிக் அமிலம் போடுறனான். போடாத நண்பர் ஒருவர் இருக்கிறார், அவரோட நான் தேத்தண்ணி குடிப்பன், தேனீ பற்றிக் கதைக்கிறேல்லை.

உங்கட தேனீக்கு அந்தச் சண்டையே தேவையில்லை. அந்த உண்ணி ஆதியில உங்கட தேனீயிலதான் இருந்தது, அதோடேயே வாழப் பழகின இனம் அது. பெரும்பாலும் ஆண் அறையிலதான் பெருகும், வேலைக்காரத் தேனீயள் ஒண்டையொண்டு துப்புரவாக்கிக் கடிச்சு எறியும். இஞ்சத்தைத் தேனீக்கு அந்தப் பழக்கம் குறைவு. ஆனபடியால் இஞ்ச "இயற்கை" எண்டு சொல்லுறதை அப்படியே அங்க கொண்டுபோய் வைக்காதேங்கோ. உங்கட பிரச்சினை ஓடிப்போறதும் அந்துப்பூச்சியும். எங்கட தேனீ அவ்வளவு லேசில வீட்டை விட்டு ஓடாது.

இன்னொண்டு, போன தை மாசம் ஊருக்கு வந்தபோது பாத்தனான். வெக்கைக்கு வாசலில நிண்டு செட்டை அடிக்குமல்லோ, உங்கட தேனீ தலையை வெளியில வைச்சு நிண்டு அடிக்குது. என்ர தேனீ வாலை வெளியில வைச்சு அடிக்கும். ஒண்டு காத்தை உள்ளுக்கு ஊதுது, மற்றது உள்காத்தை வெளியில இழுக்குது. ஒரு மணித்தியாலம் அதையே பாத்துக்கொண்டு இருந்தன், அம்மா சாப்பிடக் கூப்பிட்டதும் கேக்கேல்லை.

வடவள்ளி மொட்டைமாடி (மார்ச் 1)

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. குலசேகரம் ஐயா, உங்க பதிலை எங்க அஞ்சு வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். முதல் வீட்டு அங்கிள் பாகு விஷயம் எழுதுன பத்தியை மட்டும் மூணு தடவை ஃபார்வேர்ட் பண்ணிருக்காரு. கடைசி வீட்டுத் தம்பி, குறுக்கே கட்டுன கதையைப் படிச்சதும் சத்தமில்லாம தன்னோட பெட்டிக்கு மெழுகுப் பட்டை வாங்கப் போயிட்டாப்ல. ஈஸ்ட் ஹாம் அண்ணா சொன்ன மாதிரி வாசல்ல பாத்தேங்க. தலை வெளியதான்!

மூணு பானை, ஒரு காலிப் பெட்டி தயார். யார் வீட்ல வந்து ஏறுதோ அவங்களுக்கே, ஆனா முதல் தேன்ல ஒரு டம்ளர் எங்க வீட்டுக்குன்னு பேச்சு. என் பையன் நோட்டுல எழுதி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி வெச்சிருக்கான்.

வடவள்ளி மொட்டைமாடி (ஏப்ரல் 2)

நடந்ததைச் சொல்லணுமில்லீங்களா.

மார்ச் 9, காலைல 11.20. துணி காயப்போட்டுட்டு இருந்தேன். வாசல்ல தண்ணி கொதிக்கிற மாதிரி ஈ பொங்கி வழிஞ்சு வருது. அஞ்சு நிமிசத்துல மாடி முழுக்க ஈ. என்னை ஒண்ணுகூடக் கொட்டலை, நான்தான் பெட்ஷீட்டைப் போத்திட்டு உக்காந்துட்டேன். அப்படியே நகர்ந்து மூலை வீட்டு சப்போட்டா மரத்துல, பலாக்காய் தொங்குற மாதிரி கட்டியாத் தொங்குச்சு.

மூணாவது வீட்டு அண்ணன் குடையைத் தலைகீழாப் பிடிச்சு கிளையை உலுக்கினாரு. பாதி குடைக்குள்ள விழுந்துச்சு. அதைப் பெட்டியில கொட்டி மூடி வெச்சோம். பத்தே நிமிசத்துல அத்தனையும் பறந்து மறுபடி கிளைக்கே போயிருச்சு. ராணி விழலை போலிருக்கு. ரெண்டாவது தடவை உலுக்க ஏணி எடுக்கப் போனோம், அதுக்குள்ள மொத்தமும் கிளம்பிருச்சு. நாங்க அஞ்சு பேரும் அண்ணாந்து பாத்துட்டே வீதியில ஓடுறோம். பால்காரர் வண்டியை நிறுத்திட்டு "யாரைத் தேடறீங்க"ங்கறாரு.

மூணு பானையும் சும்மாவே இருக்குது. ரெண்டு வீதி தள்ளி ஒரு பாட்டி வீட்ல, ஜன்னல் சன்ஷேடு மேல ஓடாத ஏர் கூலர் ஒண்ணு கிடக்குதுங்க. அதுக்குள்ள போயிருச்சு. நாங்க பெட்டியோட போய் நின்னா பாட்டி விடலை. "வெள்ளிக்கிழமை அதுவா வந்தா லட்சுமிங்க, எடுக்கக் கூடாது"ன்னுட்டாங்க. அன்னைக்கு என்ன கிழமைன்னு யாரும் கேட்டுக்கலை. இப்ப எங்க குரூப்ல ஆறு வீடு. பாட்டிக்கு வாட்ஸ்அப் இல்லை, பேத்தி நம்பரைச் சேர்த்திருக்கோம்.

என் பெட்டி ரெண்டு வாரம் ரொம்ப மந்தமா இருந்துச்சு. மகரந்தம் சுத்தமா நின்னுபோச்சு. மூடி மேல கையை வெச்சுட்டு, வேண்டாம்னு எடுத்துட்டு, மறுபடி வெச்சு, இப்படி எத்தனை தடவையோ. முதல் வீட்டு அங்கிள் பாகு டம்ளரோடவே வந்துட்டாரு. கொஞ்சம் வெச்சுக்கட்டுமேன்னு விட்டுட்டேன், ஐயா மன்னிக்கணும். நேத்து காலைல ஏழு மணிக்கு மஞ்சளா ரெண்டு உருண்டையோட ஒண்ணு இறங்குச்சு. அப்புறம் இன்னொண்ணு. ஏழரைக்குள்ள பதினாலு எண்ணிட்டேன். காலண்டர் அட்டையில இப்ப குல்லா எதுவும் வரலை, வெறும் தூள்தான்.

ஈ நாலு சட்டத்துக்குத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். மிச்ச மூணு சட்டத்தை எடுத்தரலாமுங்களா?

குலசேகரம் பழைய கண்டக்டர் (ஏப்ரல் 2)

எடுத்திருங்க. இதுக்கு மட்டும் திறங்க, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, பத்து நிமிஷத்துக்குள்ள. பையனைப் பக்கத்துல நிறுத்திக்கிடுங்க, அவனும் இத்தனை வாரம் பொறுத்திருக்கானே. காலி சட்டத்தை வெயில்ல காய வச்சு கட்டி வையுங்க. பாகு வச்சதுக்கு மன்னிப்பு எல்லாம் வேண்டாம், ராணி இல்லாத ரெண்டு வாரம் பாத்துக்கிட்டு சும்மா இருக்க எனக்கும் முடியாது.

பிறகு ஒண்ணு. சித்திரை வெயில் வருது. பாட்டி வீட்டுக்குப் பேரப்பிள்ளைய யாராவது வந்து அந்தக் கூலர் ஓடுதான்னு பாக்க சுவிட்சைப் போட்டிரப்பிடாது. இன்னைக்கே போய் பிளக்கைப் பிடுங்கிப்போட்டு வாங்க.